முதல் பந்தி யாருக்கு?

(பெங்களூரில் தமிழ் வாசகர் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சொகுசுக் கப்பல்களில் சாப்பாடும் உபசாரமும் என்று தலைப்புக் கொடுத்துவிட்டு, அதைப் பெங்களூரில் பேசச் சொல்லியிருக்கிறார்கள். இந்த ஊரிலிருந்து எந்தப் பக்கம் வண்டி எடுத்தாலும் கடலைப் பார்க்க முந்நூறு கிலோமீட்டராவது போக வேண்டும். நமக்குத் தெரிந்த பெரிய தண்ணீர் அல்சூர் ஏரிதான்; நல்ல மழை நாளில் சில்க் போர்டு சந்திப்பையும் சேர்த்துக்கொள்ளலாம். இருந்தும் நான் மறுக்காததற்குக் காரணம் உண்டு. ஒருவரை அழைத்துச் சாப்பாடு போடும்போது யார் முதலில், யார் எங்கே, யார் நின்றுகொண்டு என்ற கேள்விகளை விடாமல் கேட்டுப் பார்த்த ஊர் இது. நாற்காலியே இல்லாத தர்ஷினி இங்கே பிறந்தது. தண்ணீர் பாட்டிலுக்குக் காசு கேட்ட விமானமும் இங்கே பிறந்தது. கேட்காததையெல்லாம் கொடுத்த விமானமும் இங்கேதான் பிறந்தது. தண்டவாளத்தில் ஓடும் ஒரு சொகுசுக் கப்பலும் யஷ்வந்த்பூரில் இருந்து கிளம்பியது. ஆகவே கடலில் தொடங்கி இங்கே வந்து சேர்கிறேன்.

ஆல்பர்ட் பாலின் என்று ஹாம்பர்கில் ஒரு கப்பல் கம்பெனி நிர்வாகி இருந்தார். குளிர்காலத்தில் அட்லாண்டிக்கைக் கடக்க ஆள் சேராது. கப்பல் துறைமுகத்தில் சும்மா கிடந்தாலும் செலவு. 1891 ஜனவரியில் அவர் 'அகுஸ்டா விக்டோரியா' என்ற கப்பலை மத்தியதரைக் கடலுக்கு ஒரு சுற்று அனுப்பினார். எங்கும் போய்ச் சேருவதற்காக அல்ல, பார்த்துவிட்டுத் திரும்புவதற்காக. இன்றைய குரூஸ் தொழிலின் தொடக்கமாகப் பலரும் காட்டுவது அந்தப் பயணத்தைத்தான். அதே பாலின் காலத்தில், 1905இல், அவருடைய கம்பெனியின் 'அமெரிக்கா' என்ற கப்பலில் ரிட்ஸ்-கார்ல்டன் பெயரில் தனி உணவகம் ஒன்று திறந்தார்கள். டிக்கெட்டோடு சேர்ந்த சாப்பாடு பொதுக் கூடத்தில் கிடைக்கும். அது வேண்டாம், எனக்கு வேண்டியது வேண்டிய நேரத்தில் வேண்டும் என்பவர் தனியாகக் காசு கொடுத்து இங்கே சாப்பிடலாம். இன்று பெரிய கப்பல்களில் 'ஸ்பெஷாலிட்டி ரெஸ்டாரன்ட்' என்று தனிக் கட்டணம் வாங்கும் இடங்களுக்கெல்லாம் பாட்டன் அந்த உணவகம்.

மேல்தளத்தில் இது நடந்த காலத்தில் கீழ்த்தளத்தில் என்ன நடந்தது என்பதற்கு டைட்டானிக்கை விட நம் கப்பலே நல்ல சாட்சி. எஸ்.எஸ். ரஜூலா. பிரிட்டிஷ் இந்தியா கம்பெனிக்காக ஸ்காட்லாந்தில் கட்டி 1926இல் ஓடத் தொடங்கிய கப்பல். மெட்ராஸ், நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று ஏறக்குறைய அரை நூற்றாண்டு ஓடியது. மலேயாவுக்கும் சிங்கப்பூருக்கும் போன தமிழ்க் குடும்பங்களில் இந்தப் பெயரைக் கேள்விப்படாத வீடு குறைவு. அதில் முதல் வகுப்பிலும் இரண்டாம் வகுப்பிலும் சில டஜன் பேருக்குத்தான் இடம். டெக் பயணிகள் ஐயாயிரத்துக்கு மேல் ஏறலாம் என்று ஆரம்ப காலத்தில் அனுமதி இருந்தது. டெக் பயணி என்றால் அறை கிடையாது, கட்டில் கிடையாது. பாயும் பெட்டியும் நீங்களே கொண்டுபோக வேண்டும். விரித்த இடம்தான் உங்கள் இடம். ரஜூலாவுக்குப் பிறகு எம்.வி. சிதம்பரம் வந்தது. 1985 பிப்ரவரியில் அந்தக் கப்பலில் தீப்பிடித்துப் பலர் இறந்தார்கள். அதோடு சென்னை–சிங்கப்பூர் பயணிகள் கப்பல் என்பதே முடிந்துபோயிற்று. நம் தாத்தாக்கள் கடல்பயணம் என்று சொன்னது இதைத்தான். பட்லர், பலூன், ஐஸ்கிரீம் எல்லாம் அவர்கள் கதையில் வராது.

1958இல் ஜெட் விமானங்கள் அட்லாண்டிக்கைக் கடக்க ஆரம்பித்தன. ஆறு நாள் பயணம் அரை நாளுக்குள் அடங்கிவிட்டது. போக்குவரத்துக்குக் கப்பல் தேவையில்லை என்றானதும் கம்பெனிகள் பாலினின் பழைய தந்திரத்துக்குத் திரும்பின: சுற்றிக் காட்டித் திரும்பக் கொண்டுவந்து விடுவது. அப்போது ஒரு நல்ல காரியமும் நடந்தது. முதல் வகுப்பு, இரண்டாம் வகுப்பு என்று தளங்களுக்கு நடுவே போட்டிருந்த கதவுகளைக் கழற்றினார்கள். விடுமுறைக்கு வருகிறவரிடம் 'இந்தக் கதவுக்கு அப்பால் வராதே' என்றால் அடுத்த வருஷம் அவர் வரமாட்டார். எழுபதுகளில் இருந்து மியாமியில் புறப்பட்ட புதுக் கப்பல்களில் அறையின் அளவு மாறலாம், ஜன்னல் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். ஆனால் சாப்பாட்டுக் கூடமும் நாடக அரங்கும் நீச்சல் குளமும் எல்லோருக்கும் ஒன்று.

அந்தச் சாப்பாட்டுக் கூடத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். நான் ஓட்டல் நிர்வாகம் சொல்லிக்கொடுத்துப் பிழைத்தவன். எனக்கு இந்த இடம்தான் பிடித்தது. பழைய முறையில் இரவு உணவு இரண்டு பந்தி. ஆறு மணி வாக்கில் ஒன்று, எட்டரை வாக்கில் ஒன்று. பயணம் முடியும்வரை அதே மேசை, அதே நாற்காலி, பக்கத்தில் அதே முன்பின் தெரியாத குடும்பம், பரிமாறுவதற்கு அதே வெயிட்டர், அவருக்கு ஓர் உதவியாள். முதல் நாள் நீங்கள் ஐஸ் போடாத தண்ணீர் கேட்டிருந்தால் இரண்டாம் நாள் நீங்கள் உட்காருவதற்கு முன்பே அது மேசையில் இருக்கும். இரண்டு பந்தியிலும் அவருக்கு இப்படி மேசை மேசையாக ஆட்கள். ஒவ்வொருவர் பெயரும், யாருக்கு வேர்க்கடலை ஆகாது என்பதும், யார் பிள்ளை காய்கறியைத் தொடாது என்பதும் அவர் நினைவில் இருக்கும். இயந்திரத்தில் எழுதிவைத்துக்கொள்ளும் வசதி இப்போது வந்துவிட்டது. அது இல்லாத காலத்திலும் இதை மனப்பாடமாகச் செய்தார்கள்.

சமையலறைக்கு வேறு கணக்கு. நடுக்கடலில் தக்காளி தீர்ந்துபோனால் தெருமுனைக் கடைக்கு ஆள் அனுப்ப முடியாது. முந்தைய பயணங்களில் இந்த மெனு வைத்த இரவில் எத்தனை பேர் மீன் கேட்டார்கள், எத்தனை பேர் சைவம் கேட்டார்கள் என்ற பதிவை வைத்துத்தான் இன்றைக்கு எத்தனை துண்டு வெட்டுவது என்று முடிவு செய்கிறார்கள். கப்பல் காலையில் துறைமுகத்தைத் தொடும், மாலையில் கிளம்பிவிடும். அந்தச் சில மணி நேரத்தில் பழைய பயணிகள் இறங்க வேண்டும், புதியவர்கள் ஏற வேண்டும், ஒரு வாரத்துக்கான அரிசியும் முட்டையும் இறைச்சியும் பழமும் வந்து சேர வேண்டும், அத்தனை படுக்கைக்கும் விரிப்பு மாற்ற வேண்டும். எங்கள் மாணவர்களிடம் நான் சொல்வதுண்டு: கல்யாண சமையல்காரரிடம் ஒரு முகூர்த்தம் வேலை பாருங்கள், பிறகு கப்பலுக்குப் போங்கள், பாதி பயம் போய்விடும்.

இந்தக் கூட்டத்தில் சைவம் சாப்பிடுகிறவர்கள் நிறைய இருப்பீர்கள் என்பதால் ஓர் இடைச்செருகல். ஏறிய முதல் நாள் இரவே தலைமை வெயிட்டரைப் பார்த்துச் சொல்லிவிடுங்கள். பல கப்பல்களில் அவர் மறுநாள் மெனுவை முந்தின இரவே கொண்டுவந்து காட்டி, உங்களுக்கு எதை எப்படி மாற்றிச் செய்யலாம் என்று கேட்பார். அடுக்களையில் இந்தியச் சமையல்காரர்கள் இல்லாத பெரிய கப்பல் அபூர்வம். பருப்பும் சோறும் தயிரும் கிடைத்துவிடும். சென்னையில் இருந்து ஏறினால் அந்தக் கவலையும் இல்லை. கொர்டீலியா நிறுவனத்தின் 'எம்ப்ரஸ்' 2022 ஜூனில் சென்னையில் இருந்து ஓடத் தொடங்கி, மறு வருஷம் இலங்கைக்கும் போனது, காங்கேசன்துறையையும் தொட்டது. அதில் சமண உணவுகூடத் தனியாக உண்டு. அது புதுக் கப்பலும் அல்ல. 1990இல் ராயல் கரிபியனுக்காகக் கட்டியது. பெயர்கள் மாறி, கைகள் மாறி நம்மிடம் வந்திருக்கிறது.

இனி என் பேச்சின் மையத்துக்கு வருகிறேன். கழற்றிப்போட்ட கதவுகளை இருபது வருஷமாகத் திரும்ப மாட்டிக்கொண்டிருக்கிறார்கள். எம்.எஸ்.சி. கம்பெனி 2008இல் 'ஃபேன்டேசியா' கப்பலில் 'யாட் கிளப்' என்று ஒரு பகுதியைத் தொடங்கியது. உங்கள் அட்டை இருந்தால்தான் லிஃப்ட் அங்கே நிற்கும். உள்ளே தனி உணவகம், தனிக் குளம், தனி வரவேற்பு மேசை, பட்லர். நார்வீஜியன் கப்பல்களில் இதற்கு 'ஹேவன்' என்று பெயர், செலிப்ரிட்டியில் 'ரிட்ரீட்'. ராயல் கரிபியனில் மிக உயர்ந்த சூட் எடுத்தால் 'ஜீனி' என்று ஒருவரையே உங்களுக்கென்று ஒதுக்குகிறார்கள். அலாவுதீன் விளக்கில் இருந்து வருகிற அதே பூதம்தான். குனார்டு கம்பெனி மட்டும் இந்த வகுப்புப் பிரிவினையை ஒருநாளும் விடவில்லை. 'குயின் மேரி 2' கப்பலில் நீங்கள் எந்த அறை எடுத்தீர்களோ அதுதான் எந்தக் கூடத்தில் சாப்பிடுவீர்கள் என்பதைத் தீர்மானிக்கும். பழைய பணக்காரர்களுக்குக் கூச்சம் கிடையாது.

சூட்காரருக்கு என்னென்ன கிடைக்கிறது என்று விளம்பரப் புத்தகத்தை வைத்துக்கொண்டு பாருங்கள். முதலில் ஏறலாம். முதலில் இறங்கலாம். பெட்டி முதலில் வரும். கப்பல் துறைமுகத்துக்கு வெளியே நங்கூரம் போட்டுப் படகில் கரைக்குப் போக வேண்டியிருந்தால் முதல் படகு. நாடக அரங்கில் ஒதுக்கிய வரிசை. நிரம்பிவிட்டது என்று மற்றவர்களைத் திருப்பி அனுப்பிய உணவகத்தில் ஒரு மேசை. கேள்வி கேட்க கெஸ்ட் சர்வீஸ் மேசை முன்னால் நிற்க வேண்டாம். தனிப் பணியாளர் உண்டு. சாப்பாட்டில் வித்தியாசம் இல்லையென்று சொல்லமாட்டேன். கொஞ்சம் நல்ல இறைச்சி, கொஞ்சம் நல்ல ஒயின், சூடு ஆறாத காலை உணவு. ஆனால் பட்டியலில் பெரும்பகுதி சாப்பாடு அல்ல. காத்திருக்காமல் இருப்பது. 'பந்திக்கு முந்து' என்று நம் பெரியவர்கள் சும்மா சொன்ன புத்திமதியை இவர்கள் விலைபோட்டு விற்கிறார்கள்.

2024 ஜனவரியில் கிளம்பிய 'ஐகான் ஆஃப் தி சீஸ்' கப்பலில் 20 தளங்கள். நிரம்பினால் 7,600 பயணிகள் வரை, பணியாளர்கள் 2,350 பேர். அவ்வளவு பேரை ஒரே இடத்தில் சேர்த்தால் லிஃப்டுக்கு வரிசை, காபிக்கு வரிசை, நாற்காலிக்கு வரிசை. கூட்டத்தை உண்டாக்குவதும் கம்பெனிதான், கூட்டத்தில் இருந்து தப்பிக்கும் வழியை விற்பதும் அதே கம்பெனிதான். திருப்பதியில் 300 ரூபாய் டிக்கெட் வாங்கி வேகமாக நகர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பெருமாள் அங்கே எல்லோருக்கும் ஒருவர்தான், வரிசைதான் வேறு. கப்பலில் வரிசையோடு குளமும் கூடமும் சேர்ந்து வேறாகிவிட்டன.

கம்பெனிக்காரர்கள் ஒரு பதில் வைத்திருக்கிறார்கள். சூட்காரர் கொடுக்கும் பெரும் பணத்தால்தான் ஜன்னல் இல்லாத உள்ளறைக்காரருக்கு மலிவான டிக்கெட் கிடைக்கிறது. ஆகவே ஏழை பணக்காரர் இருவருக்கும் லாபம் என்கிறார்கள். இதைப் பாதி ஒத்துக்கொள்கிறேன். மலிவு டிக்கெட்டுக்காரரிடமும் குடிபானத்திலும் இணையத்திலும் கரைச் சுற்றுலாவிலும் திரும்பப் பிடுங்கிக்கொள்கிறார்களே, அதைச் சொல்லாமல் விடுவதால் மீதிப் பாதியை ஒத்துக்கொள்ள முடியவில்லை.

சூட்டுக்கும் உள்ளறைக்கும் வித்தியாசம் பார்க்கக் கூடாத ஒரு காரியமும் கப்பலில் உண்டு: ஆபத்துக்கால ஒத்திகை. 2012 ஜனவரியில் இத்தாலியக் கரையில் 'கோஸ்டா கான்கோர்டியா' பாறையில் மோதிச் சாய்ந்து 32 பேர் இறந்தார்கள். அன்று ஏறிய பயணிகளில் பலருக்கு ஒத்திகையே நடந்திருக்கவில்லை. அதற்குப் பிறகு, கிளம்புவதற்கு முன்பே அல்லது கிளம்பியவுடனே ஒத்திகை நடக்க வேண்டும் என்று சர்வதேச விதியை இறுக்கினார்கள். இதில் யாருக்கும் விலக்கு கிடையாது. டைட்டானிக்கில் முதல் வகுப்பில் நூற்றுக்கு அறுபது பேருக்கு மேல் பிழைத்தார்கள், மூன்றாம் வகுப்பில் நூற்றுக்கு இருபத்தைந்து பேர்தான் பிழைத்தார்கள் என்ற கணக்கை நினைத்துக்கொண்டால், அந்தச் சலிப்பூட்டும் ஒத்திகைக்கு நீங்கள் முணுமுணுக்காமல் போவீர்கள்.

சாப்பாட்டுக் கூடத்தில் ஒரு தடுப்பு வைப்பது சின்ன விஷயம் என்று தமிழர்களிடம் சொல்ல முடியாது. நம் நவீன அரசியலின் ஒரு பெரிய திருப்பம் ஒரு பந்தியில்தான் நடந்தது. வ.வே.சு. ஐயர் நடத்திய சேரன்மாதேவி குருகுலத்தில் பிராமணப் பிள்ளைகளுக்குத் தனியாகச் சாப்பாடு போட்டார்கள். 1924, 25இல் அது பெரிய பிரச்சினையாயிற்று. வரதராஜுலு நாயுடுவும் பெரியாரும் எதிர்த்தார்கள். 1925 நவம்பரில் காஞ்சிபுரம் மாநாட்டில் பெரியார் காங்கிரசை விட்டு வெளியேறினார். அதற்குக் காரணம் வகுப்புவாரிப் பிரதிநிதித்துவத் தீர்மானம். ஆனால் குருகுலத்துப் பந்தியின் கசப்பும் கூடவே வந்தது. ரயில் நிலைய உணவுக் கூடங்களில் பிராமணருக்குத் தனியிடம் என்ற ஏற்பாடு 1940களின் தொடக்கம் வரை இருந்தது. கப்பல் தடுப்பு பிறப்பைப் பார்ப்பதில்லை, பணத்தைத்தான் பார்க்கிறது, இரண்டும் ஒன்றல்ல. பணம் நாளைக்குக் கிடைக்கலாம், பிறப்பு கிடைக்காது. ஆனால் தடுப்புக்கு வெளியே நிற்கிற குழந்தைக்கு அந்த நேரத்தில் இந்த வித்தியாசம் தெரியுமா என்பது எனக்குச் சந்தேகம்.

இனி நம் ஊர். லால்பாக் சாலையில் இருக்கும் எம்.டி.ஆர். உணவகத்தின் வயது நூறு தாண்டிவிட்டது. 1924இல் யக்ஞநாராயண மையாவும் சகோதரர்களும் தொடங்கியபோது அதன் பெயர் 'பிராமின் காபி கிளப்'. 1951இல் மையா ஐரோப்பா போய் அங்கே உணவகங்கள் எப்படி நடக்கின்றன என்று பார்த்துவிட்டு வந்தார். வந்தவர் சுத்தத்தில் கண்டிப்பு காட்ட ஆரம்பித்தார். வாடிக்கையாளர்கள் சமையலறையை நேரில் பார்க்கலாம் என்றும் வைத்தார். பின்னாளில் பெயர் மாவள்ளி டிஃபன் ரூம்ஸ் ஆயிற்று. நெருக்கடி நிலைக் காலத்தில் அரசு ஓட்டல் பண்டங்களுக்கு விலை குறித்தபோது, அந்த விலைக்குத் தரத்தைக் குறைக்கமாட்டோம் என்று சில காலம் அடைத்தே வைத்தார்கள். ரெடி மிக்ஸ் பொட்டலங்கள் வளர்ந்தது அதற்குப் பிறகுதான். கப்பல் கம்பெனி எதுவும் பயணிகள் எல்லோரையும் அடுக்களை வழியாகத் தினமும் நடக்கவிட்டதாக எனக்குத் தெரியாது. காசு வாங்கிக்கொண்டு சுற்றிக்காட்டுவார்கள்.

1983இல் ஜெயநகரில் ஆர். பிரபாகர் 'கஃபே தர்ஷினி'யைத் தொடங்கினார். காசு கொடுத்துச் சீட்டு வாங்கு, கவுண்டரில் நீட்டு, தட்டை நீயே எடு, நின்றுகொண்டே சாப்பிடு, கிளம்பு. உட்கார இடமில்லை என்பதால் நல்ல இடம் என்றும் ஒன்றில்லை. ஸ்டீல் மேடையில் ஒரு கையில் தட்டும் மறுகையில் கைப்பேசியுமாக ஐடி மேலாளர். பக்கத்தில் அவரை ஏற்றிவந்த ஓட்டுநர். இருவருக்கும் ஒரே சட்னி. உபசாரம் என்று எதுவும் இல்லாத ஓர் ஏற்பாட்டில் உபசாரத்தின் பேரால் நடக்கும் அநியாயமும் இல்லாமல் போயிற்று. இந்த ஊரின் மிகப் பெரிய கண்டுபிடிப்பு மென்பொருள் அல்ல, இதுதான் என்பது என் கட்சி. எதிர்க்கட்சிக்காரர்கள் தேநீர் வேளையில் சண்டைக்கு வரலாம்.

அடுத்த இருபது வருஷத்தில் இதே கருத்தை ஒருவர் ஆகாயத்துக்குக் கொண்டுபோனார். கேப்டன் கோபிநாத்தின் ஏர் டெக்கான் 2003இல் வந்தது. சாப்பாடு கிடையாது, வேண்டுமானால் காசு கொடுத்து வாங்கிக்கொள். டிக்கெட் மட்டும் மலிவு. 'சூரரைப் போற்று' படம் பார்த்தவர்களுக்குக் கதை தெரியும். இரண்டே வருஷத்தில் அதே ஊரிலிருந்து கிங்ஃபிஷர் வந்தது. சுடச்சுடச் சாப்பாடு, இருக்கைக்கு எதிரே திரை, பரிசுப் பை. உங்களை என் வீட்டு விருந்தாளி போல நடத்தச் சொல்லியிருக்கிறேன் என்று முதலாளியே திரையில் வந்து சொல்வார். 2007இல் கிங்ஃபிஷர் டெக்கானில் பங்கு வாங்கி, பிறகு அதை விழுங்கிக்கொண்டது. 2012 அக்டோபரில் கிங்ஃபிஷரே தரையிறங்கிவிட்டது. கடைசி மாதங்களில் விமானிகளுக்கும் பொறியாளர்களுக்கும் பணிப்பெண்களுக்கும் சம்பளம் வரவில்லை. விருந்தாளிக்கு இலை போட்டுவிட்டுப் பரிமாறுகிறவரைப் பட்டினி போட்ட உபசாரம் அது.

தண்டவாளத்தில் ஓடும் சொகுசுக் கப்பல் என்றேனே, அந்தக் கோல்டன் சாரியட் ரயிலுக்கு வருகிறேன். 2008 ஜனவரியில் அன்றைய குடியரசுத் தலைவர் பிரதிபா பாட்டீல் யஷ்வந்த்பூர் நிலையத்தில் தொடங்கிவைத்தார். மார்ச்சில் பயணிகளோடு ஓட ஆரம்பித்தது. கர்நாடகச் சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் ரயில். ஹம்பி விட்டலர் கோயில் கல் தேரின் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். உங்கள் பையில் புது ஐம்பது ரூபாய் நோட்டு இருந்தால் பின்பக்கம் திருப்பிப் பாருங்கள், அந்தத் தேர்தான். பெட்டிகளுக்குக் கதம்ப, ஹொய்சள, ராஷ்டிரகூட, கங்க, சாளுக்கிய, பாமினி, விஜயநகர என்று அரச வம்சங்களின் பெயர்கள். சரித்திரத்தில் ஒருவரையொருவர் வெட்டிக்கொண்டவர்கள் இங்கே கொக்கி மாட்டி ஒன்றாகப் போகிறார்கள். சோழனுக்குப் பெட்டி இல்லை. ஆனால் அதன் தென்னகச் சுற்றில் வண்டி மாமல்லபுரம், தஞ்சாவூர், செட்டிநாடு எல்லாம் போகும்.

ரயிலில் இரண்டு உணவகங்கள்: 'நள', 'ருசி'. சமையல் கலைக்குப் பெயர்போன நள மகாராஜாவுக்கு ஒரு பெட்டி கிடைத்ததில் எனக்கு மகிழ்ச்சி. 'மதிரா' என்று ஒரு மதுக்கூடம், 'ஆரோக்கிய' என்று மசாஜும் உடற்பயிற்சியும். இப்போது சுற்றுலாப் பயணிகளுக்கு 40 அறைகள், 80 பேருக்கு இடம்: இரட்டைக் கட்டில் அறை 13, இரண்டு தனிக் கட்டில் அறை 26, மாற்றுத்திறனாளிகளுக்கு ஒன்று. ஒயினும் பீரும் குறிப்பிட்ட வகைகளில் டிக்கெட்டோடு சேர்த்தி. இறங்கிப் பார்க்கும் இடங்களின் நுழைவுக் கட்டணமும் வழிகாட்டியும் சேர்த்தி. கவனியுங்கள், இந்தப் பட்டியலில் சூட் என்று ஒன்று இல்லை. ஐ.ஆர்.சி.டி.சி. நடத்தும் இன்னொரு ரயிலான மகாராஜாஸ் எக்ஸ்பிரஸில் டீலக்ஸ், ஜூனியர் சூட், சூட் என்று படிப்படியாகப் போய், 'நவரத்ன' என்ற பிரசிடென்ஷியல் சூட்டுக்கு ஒரு முழுப் பெட்டியையே கொடுத்திருக்கிறார்கள். நம் ரயிலில் எல்லோரும் ஒரே தரத்து அறையில் படுத்து, அதே இரண்டு உணவகங்களில் சாப்பிடுகிறார்கள். கப்பல்கள் கைவிட்ட சமபந்தி இந்த ரயிலில் இருக்கிறது.

இதைச் சொல்லி நான் பெருமைப்பட்டுக்கொள்ள முடியாதபடி ஒரு சங்கடம் உண்டு. 'கர்நாடகத்தின் பெருமை' என்ற ஐந்து இரவுச் சுற்றுக்கு ஆளுக்குச் சுமார் நான்கு லட்சம் ரூபாய், ஜிஎஸ்டி தனி. உள்ளே தடுப்பு இல்லை, ஏனென்றால் தடுப்பு நடைமேடையிலேயே இருக்கிறது. பக்கத்து நடைமேடையில் முன்பதிவில்லாப் பெட்டிக்கு முண்டியடித்துக்கொண்டிருப்பவர் கண்ணுக்கு இந்த ஊதா ரயில் முழுக்க ஒரே சூட்தான். அப்படியும் அது லாபம் பார்க்கவில்லை. அறைகள் நிரம்பவில்லை, ரயில்வேக்குக் கட்டும் இழுவைக் கட்டணம் சுமையாயிற்று, 2018இல் நின்றது. 2019 நவம்பரில் அதை நடத்த ஐ.ஆர்.சி.டி.சி.யோடு ஒப்பந்தம் போட்டார்கள். கொரோனா வந்து மறித்தது. 2024 டிசம்பரில் திரும்ப ஓடத் தொடங்கியது. கர்நாடக அரசே தொடங்கிய ரயில் என்ற முறையில், வருஷத்துக்கு ஒரு சுற்றையாவது அரசுப் பள்ளி ஆசிரியர்களுக்கென்று குறைந்த விலையில் ஒதுக்கலாம் என்பது என் யோசனை. பாதி காலியாக ஓடுவதற்கு இது எவ்வளவோ மேல்.

கடைசியாகப் பரிமாறுகிறவர்கள். கப்பலில் அவர்கள் சட்டையில் ஒரு பெயர்ப்பட்டை இருக்கும். பெயருக்குக் கீழே நாடு. பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா, இந்தியா. நம்மவர்களில் கோவா, மங்களூர், மும்பைக்காரர்கள் அதிகம். ஒப்பந்தம் பல மாதங்களுக்கு. நீர்மட்டத்தை ஒட்டி ஒரு நீண்ட தாழ்வாரம் கப்பலின் முன்முனையில் இருந்து பின்முனைவரை போகும். அமெரிக்க நெடுஞ்சாலை ஒன்றின் பெயரால் அதற்கு 'ஐ-95' என்று ஊழியர்கள் பட்டப்பெயர் வைத்திருக்கிறார்கள். அழுக்குத் துணி, குப்பை, காய்கறி, ஆட்கள் எல்லாம் அதில்தான் ஓடும். அங்கேயும் பந்தி பிரிந்திருக்கிறது: அதிகாரிகளுக்கு ஒரு மெஸ், அலுவலர்களுக்கு ஒன்று, பணியாளர்களுக்கு ஒன்று.

2006இல் நிறைவேறி 2013இல் நடைமுறைக்கு வந்த கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கையில் இந்தியா 2015இல் சேர்ந்தது. 24 மணி நேரத்தில் குறைந்தது 10 மணி நேரம் ஓய்வு, ஒரு வாரத்தில் 77 மணி நேரம் ஓய்வு, இலவச உணவு என்று அது சொல்கிறது. ஒரு வாரத்தில் 168 மணி நேரம். ஓய்வைக் கழித்துப் பாருங்கள். உடன்படிக்கை அனுமதிக்கிற வேலை நேரமே இந்த ஊர் மென்பொருள் ஊழியர்கள் புலம்புவதற்கும் மேலே நிற்கும்.

அவர்கள் வருமானத்தில் பெரும்பகுதி உங்கள் கணக்கில் தினமும் ஏறும் 'கிராஜுவிட்டி' என்ற சேவைத் தொகையில் இருந்து வருகிறது. பெரிய அமெரிக்கக் கம்பெனிகளில் ஆளுக்கு நாளொன்றுக்கு இருபது டாலர் அக்கம்பக்கம். சூட்டுக்குக் கொஞ்சம் கூட. கம்பெனியே முழுச் சம்பளமாகக் கொடுத்துவிட்டு டிக்கெட் விலையை ஏற்ற வேண்டும் என்பதுதான் என் கருத்து. விலையைக் குறைத்துக் காட்டி ஆள் பிடிக்கும் வித்தை இது. ஆனால் அந்தக் கோபத்தை யார்மேல் காட்டுவது என்பதில்தான் நாம் தவறுகிறோம். பயணத்தின் கடைசி இரவு கெஸ்ட் சர்வீஸ் மேசைமுன் நிற்கும் வரிசையைப் பார்த்திருக்கிறேன். அதில் ஒரு பகுதியினர், தொகையைக் கணக்கில் இருந்து நீக்கச் சொல்லி நிற்பவர்கள். பல கம்பெனிகள் கேட்டால் நீக்கியும் விடுகின்றன. அது கம்பெனியின் பையிலிருந்து போவதில்லை. வாரம் முழுக்க உங்கள் பிள்ளைக்கு மீனில் முள் எடுத்துக் கொடுத்தவரின் பங்கு அது. நீங்கள் பார்க்கவே பார்க்காத தட்டு கழுவுகிறவருக்கும் அதில் பங்கு உண்டு.

இந்தக் கூட்டத்தில் இருந்து அடுத்த விடுமுறைக்குச் சிலராவது கப்பல் ஏறுவீர்கள். சூட் எடுங்கள், எடுக்காமல் போங்கள், அது உங்கள் வசதி. டிக்கெட் வாங்கும்போதே அந்தத் தொகையையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். இறங்கும்போது தரும் கருத்துப் படிவத்தில் உங்களுக்குப் பரிமாறியவரின் பெயரை எழுத்துப் பிழையில்லாமல் எழுதுங்கள். அவருடைய அடுத்த ஒப்பந்தத்துக்கும் பதவி உயர்வுக்கும் அது உதவும். அந்தக் கடைசி இரவு வரிசையில் மட்டும் நிற்காதீர்கள்.